மொதல்ல சாணி அள்ளு, தம்பி!

வா தம்பி, இப்படி திண்ணையில குந்து. என்னமோ பயிற்சிக்குப் போயி சர்ட்டிபிகேட்டு வாங்கியாந்தியாமே? 'ரீஜெனரேட்டிவ் ஃபார்மிங்'கா? பேரைச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள நான் ஒரு சால் ஓட்டிப்புடுவேன்.

'இன்டர்கிராப்பிங்' சொல்லிக் குடுத்தாங்களா? எங்க கொல்லையைப் பாரு. ஆடியில கேவுரு விதைச்சோம். ஊடால ஒரு சால் அவரை, ஒரு சால் துவரை. ஓரத்துல ஆமணக்கு. கேவுரு வேரு மேலாக்க மேயும், துவரை வேரு ஆழத்துக்கு எறங்கும். ரெண்டுக்கும் எதுக்கு சண்டை? மழை ஏமாத்தி கேவுரு கருகுனாலும், பனியில அவரை பூத்துப்புடும். எங்க பாட்டனுக்குக் கையெழுத்து வராது. வயிறு காயக்கூடாதுன்னு மட்டும் தெரியும்.

அவரு அடுக்குன கல்லுவரப்பு அது. எங்கப்பன் ஒசத்துனாரு. சரிஞ்ச கல்லை இப்ப என் மவன் எடுத்து வைக்கிறான். எந்த மழைக்கும் மேல்மண்ணு எங்க கொல்லையை விட்டுப் போனதில்ல. இதுக்கு எவன் சர்ட்டிபிகேட்டு குடுத்தான்?

ஆலம்பாடி மாடு தெரியுமா? ஒகேனக்கல் காட்டோரத்து மாடு. உழவுக்குச் சிங்கம், பாலுக்குக் கஞ்சம். பால் கறக்கலன்னு ஊரே வித்துச்சு. இப்ப காரிமங்கலத்துல அதுக்கு ஆராய்ச்சி மையமாம்! தொலைச்சுப்புட்டுத் தேடுறதுல நம்மள மிஞ்ச ஆளுண்டா?

2023-ஐ ஐ.நா. சபையே சிறுதானிய வருசம்னு சொல்லுச்சாம். ரொம்ப சந்தோசம். அதுக்கு முந்தி தர்மபுரிக்காரன் களியாத் தின்னது என்ன, கல்லா? இப்ப அதே கேவுரு பிஸ்கோத்தாகி, கண்ணாடிப் பொட்டியில குந்திக்கிட்டு நம்மளையே வெல கேக்குது.

நான் புதுசை வேணாங்கல. சொட்டுநீர் போடு, மண்ணைப் பரிசோதனைக்குக் குடு. ஆனா பயிருக்கு ஊத்துற ஜீவாமிர்தத்துக்குச் சாணியை கூரியர்ல வரவழைக்கிறியே, அது அடுக்குமா? அதுல கலக்குற வெல்லமும் பயறு மாவும் கடையில கெடைக்கும். மாட்டைக் கட்டித் தீனி போட ஆளு எந்தக் கடையில கெடைக்கும்? கேவுரு நமக்கு, தாளு மாட்டுக்கு, சாணி குப்பைக்குழிக்கு, குப்பை மறுக்கா கொல்லைக்கு. நடுவுல ஒருத்தன் குனியணும் தம்பி. அந்த எடத்துலதான் எல்லாருக்கும் இடுப்பு வலி வந்துடுது.

நாளைக்கு வெடியக்காலம் வா. கூடை இருக்கு, மம்பட்டி இருக்கு. போட்டோவும் புடிச்சுக்க. அள்ளி முடிச்சப்புறம்.