ஒயர்ப் பதிப்பியல்: பழைய ஆர்கேட் பெட்டிகளின் மூலபாடம் குறித்து

காசு போட்டு ஆடும் வீடியோ விளையாட்டுகளின் பழுதுகளில் வரலாற்றுப் புகழ் பெற்றது ஒன்றுதான். 1972இல் கலிஃபோர்னியாவின் சன்னிவேலில், ஆண்டி கேப்ஸ் என்ற மதுக்கடையில் அட்டாரி வைத்திருந்த ‘பாங்’ பெட்டி நின்றுபோனது. அதை உருவாக்கிய ஆலன் ஆல்கார்ன் போய்த் திறந்து பார்த்தார். உள்ளே காசு நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. வருமானம் மிகுந்து வந்த பழுது என்பதால் ஆளாளுக்கு எழுதி வைத்தார்கள். ஒயர் கருகியும் பின் தளர்ந்தும் உயிரைவிட்ட பெட்டிகளைப் பற்றிப் பாயிரம் பாடுவாரில்லை. அக்குறையைப் போக்குதல் இவ்வாய்வின் நோக்கம்.

ஒயரை ஆராய்வானேன், புதிதாக வாங்கி மாட்டினால் தீர்ந்ததே எனின், அற்றன்று. 1980களின் தொடக்கத்தில் கம்பெனிக்கு ஒரு ஒயர் வரிசை. ஒரே கம்பெனியிலும் ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். போர்டு, மானிட்டர், பவர் சப்ளை, ஜாய்ஸ்டிக், காசுக் கதவு ஆகியவற்றைக் கோக்கும் ஒயர்க்கட்டு (ஹார்னெஸ் என்பது வழக்கு) அந்தந்தப் பெட்டிக்கென்றே கட்டப்பட்டது. இன்று அது வேண்டுமானால் பெரும்பாலும் செத்துப்போன இன்னொரு பெட்டியிலிருந்து எடுக்க வேண்டும். இல்லையேல் சர்க்யூட் படத்தை விரித்து வைத்துக்கொண்டு நாமே கட்ட வேண்டும். ஆகவே இது எலக்ட்ரீஷியன் வேலை அன்று, ஏடு பதிப்பிக்கும் வேலையேயாம். என்னை? ஏடு சிதைந்திருக்கிறது, வேறு படிகள் அரிது, நடுவில் கைவைத்தவர்கள் அநேகர் ஆகலின்.

சான்றாகப் பாக்-மேனை எடுத்துக்கொள்வோம். நாம்கோ கம்பெனிக்காகத் தோரு இவாடனி ஆக்கியது, ஆண்டு 1980. அமெரிக்காவில் அதை விற்றது மிட்வே. மிட்வே பெட்டியில் போர்டின் ஓரம் செருகும் கனெக்டருக்கு 44 பின்கள், பக்கத்துக்கு 22. டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து வரும் சுமார் 7 வோல்ட் ஏசி அப்படியே இந்தக் கனெக்டர் வழியாகப் போர்டுக்குள் நுழைகிறது. அதை டிசியாக்கும் சடங்கு போர்டின் மேலேயே நடக்கிறது. ஆட்டம் முழுவதற்குமான கரண்ட் விரல்விட்டு எண்ணக்கூடிய பின்களில் ஏறி இறங்க வேண்டும். ஆண்டுகள் போகப் போகப் பின்னின் பிடி தளரும். பிடி தளர்ந்தால் தொடுமிடத்தில் ரெசிஸ்டன்ஸ் கூடும், கூடினால் சூடேறும், சூடேறினால் பிடி இன்னும் தளரும். முடிவில் பிளாஸ்டிக் பழுப்பேறிப் பொரிந்து, போர்டின் செம்புப் பட்டைகளும் கருகும். பாக்-மேனைக் கொல்பவர்கள் பிளிங்கி, பிங்கி, இங்கி, கிளைடு என்னும் நான்கு பேய்கள் என்ற தொன்றுதொட்ட கருத்து இத்துடன் மறுக்கப்பட்டது.

அட்டாரிக்காரர்கள் வேறு வழி போனார்கள். 1979இல் வந்த ‘ஆஸ்டராய்ட்ஸ்’ பெட்டியின் ரெகுலேட்டர், தான் அனுப்பும் 5 வோல்ட்டில் எவ்வளவு போர்டைச் சென்று சேர்ந்தது என்பதை உளவறியத் தனி ஒயர் வைத்திருக்கிறது. வழியில் கொஞ்சம் குறைந்தால் அனுப்புவதைக் கூட்டிவிடும். கனெக்டரில் ரெசிஸ்டன்ஸ் வெறும் 0.05 ஓம் ஏறினாலும், 4 ஆம்பியர் ஓடும்போது 0.2 வோல்ட் அங்கேயே காணாமல் போகும்; அந்தக் கால டிடிஎல் சிப்புகள் 4.75க்குக் கீழே வேலைக்கு உத்தரவாதம் தருவதில்லை. எனவே உளவு நல்ல ஏற்பாடுதான். ஆனால் போர்டுக்குக் குறை தெரியாததால் ஆடுபவருக்கும் தெரியாது. கனெக்டர் யாருக்கும் சொல்லாமல் கருகிக்கொண்டிருக்கும்.

இனி இடைச்செருகல். எந்தப் பழைய ஒயர்க்கட்டும் ஒருவர் கையால் ஆனதன்று. பசை உருகிப் பிசுபிசுக்கும் கறுப்பு டேப் முதல் உரையாசிரியருடையது. அதன்மேல் சூட்டில் சுருங்கும் ஸ்லீவ் போட்டவர் பிற்காலத்தவர். கருகிய கனெக்டரைச் சுற்றிவளைத்து, பவர் ஒயரைப் போர்டிலேயே நேராகச் சால்டர் செய்துவிட்டுப் போனவர் எக்காலத்திலும் உண்டு. அன்று சாயங்காலமே கடை திறக்க வேண்டியிருந்தவரின் பாடம் அது. திருத்தலாம், திட்டக் கூடாது.

நிறம் பற்றி இரு கட்சிகள் உள. பச்சை ஒயரில் மஞ்சள் கோடு இருந்தால் அதே பச்சை, அதே மஞ்சள் வேண்டும் என்பது ஒரு கட்சி. செம்புக்கு நிறம் தெரியாது என்பது மறு கட்சி. முன்னதே கொள்க, சர்க்யூட் படம் ஒயர்களை நிறத்தால் சுட்டுகிறது, கையில் கிடைத்த சிவப்பையே எல்லா இடத்துக்கும் இழுத்தால் அடுத்து வரும் பதிப்பாசிரியர் தலையில் கைவைத்து உட்காருவார். ஆனால் இதே கட்சியார் கனெக்டரும் அக்காலத்ததாகவே வேண்டும் என்று பழையதைத் தேடி வாங்குவது பக்தி. தளர்ந்த பிடிக்குப் பதில் இன்னொரு தளர்ந்த பிடி எதற்கு?

தடிமனுக்கு அமெரிக்கர் வகுத்த இலக்கணம் விந்தையானது. 36ஆம் எண் ஒயர் 0.005 அங்குலம், நான்கு சுழி ஒயர் 0.46 அங்குலம், இடையில் சம விகிதத்தில் 39 படிகள். எண் ஏறினால் ஒயர் மெலியும். பவருக்கு 18, பொத்தான்களுக்கு 22 என்பது பொதுவிதி. பின்னைக் கிரிம்ப் கருவியால் அழுத்த வேண்டும்: ஒரு மடிப்பு செம்பைப் பிடிக்கும், மற்றது மேலுறையைப் பிடிக்கும். கட்டிங் பிளேயரால் நசுக்கிவிட்டு மேலே ஈயம் பூசுவது வழு.

1985இல் ஜப்பானியக் கேளிக்கை இயந்திர உற்பத்தியாளர் சங்கம் ஒரு பொதுவிதி செய்தது. அதுதான் ஜாம்மா: 56 பின்கள், பக்கத்துக்கு 28. ஒரு பக்கத்துக்கு எண், மறு பக்கத்துக்கு ஆங்கில எழுத்து. அவற்றுள் ஜி, ஐ, ஓ, கியூ இடம்பெறா. ஒன்றை மற்றொன்றாகப் படித்துவிடக்கூடும் என்பதால். மொழிமுதல் வாரா எழுத்துகளைப் பட்டியலிட்டுப் பழகிய நமக்கு இது புதிதன்று. ஏழாம் இடத்தில் பின் கிடையாது. போர்டைத் தலைகீழாகச் செருகாதிருக்க அங்கே ஒரு சிறு பிளாஸ்டிக் துண்டு நிற்கும். அது விழுந்துபோய், போர்டும் தலைகீழாகச் செருகப்பட்டால் என்ன ஆகும் என்பதைக் கணக்கிடலாம். தரை ஒயர் இரு முனையிலும் இருப்பதால் தரைக்குத் தரை பொருந்திவிடும். 5 வோல்ட் வெறும் பின்களைத் தொடும். ஆறாம் இடத்து 12 வோல்ட் நேரே இருபத்துமூன்றுக்கு, அதாவது ஆட்டக்காரரின் இரண்டாம் பொத்தானுக்கு உரிய சிப்புக்குள் போகும்.

ஜாம்மா ஆளுக்கு மூன்று பொத்தான்தான் வகுத்தது. 1991இல் கேப்காமின் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ ஆறு கேட்டது: மூன்று குத்து, மூன்று உதை. குத்துகள் பொது வழியில் வந்தன. உதைகளுக்குத் தனி ஒயர் இழுக்கப்பட்டது. போர்டு கைமாறும்போது தொலைவது இந்தத் தனி ஒயர்தான். அது தொலைந்த படிகளில் ஆட்டத்து வீரர் ரியூவின் தீக்குண்டுக்குக் குறைவில்லை, அது குத்துப் பொத்தானில் இருப்பது. வீராங்கனை சுன்-லீயின் சிறப்பு வித்தைகள் அந்த முதல் பதிப்பில் எல்லாமே உதைப் பொத்தானில் இருப்பவை. ஒயரில்லாத பெட்டியில் அவர் குதிக்கிறார், குனிகிறார், குத்துகிறார். சுவடியின் அந்தப் பகுதியை மட்டும் செல்லரித்துவிட்டது.