புக்கிக்குப் போறதுக்கு முந்தி ஒரு வார்த்த

குந்து தம்பி. மாத்தளைக்குப் போற பஸ் இன்னும் இலுக்கும்புறயிலயே கெளம்பியிருக்காது. கையில என்னா கடுதாசி? "எட்டாவது ரவுண்டு, நாக்கவுட்." அடியில ரெண்டு கோடு வேற. சபாஷ். ஊருல ஒரு நல்ல ஜோசியக்காரன் இல்லையேன்னு கவலப்பட்டுக்கிட்டு இருந்தோம், அம்மன் கண்ணத் தொறந்துட்டா. ஆனா ராசா, எட்டாவது ரவுண்டு வரைக்கும் தெரிஞ்ச நீ, கொட எடுக்காம வந்திருக்கியே? கீழ பிட்டவல பத்தனையில வெயில் காயும். மேல டவர்கிட்ட ஏறுனா காத்து ஆளச் சரிச்சுப் போடும். பொறந்ததுலயிருந்து பாக்குற வானமே நமக்குப் புடி குடுக்க மாட்டேங்குது. நீ ரிவர்ஸ்டன்ல ஒக்காந்துக்கிட்டு லாஸ் வேகஸ் சண்டைக்கு ரவுண்டு குறிக்கிற. அதுக்கெல்லாம் ஒரு நெஞ்சு வேணும். நெஞ்சு இருக்கு. சல்லி இருக்கான்னு உங்க ஆத்தாகிட்ட நான் கேட்டுக்கிறேன்.

சொல்லாதன்னு நான் சொல்லல. நல்லா சொல்லு. சொல்ற மாதிரி சொல்லு. முந்தி ரத்தோட்டப் பக்கம் ஒரு பெரியவரு இருந்தாரு. இங்கிலீசுக் குதிர ரேசுக்குச் சீட்டு எழுதுற அத்தன பேருக்கும் அவருதான் குரு. "நல்ல குதிரதான். ஆனா தர ஈரமா இருந்தா ஓசிக்கணும்." இம்புட்டுத்தான் வாயத் தொறப்பாரு. குதிர ஜெயிச்சா, நல்ல குதிரன்னு சொன்னேனே. தோத்தா, ஈரம்னு சொன்னேனே. சாகுற வரைக்கும் அவரு வாக்கு பொய்க்கல. சாகுற வரைக்கும் அவரு ஒத்தச் சீட்டு எழுதுனதும் இல்ல. பாக்ஸிங்குக்கும் அதையே வச்சுக்க: "மூச்சு வாங்காம இருந்தா இவன்தான்." எவன் வந்து கேக்க முடியும்?

நீ போட்ட கணக்கு எனக்குத் தெரியும். இவன் அவன அடிச்சான், அவன் இன்னொருத்தன அடிச்சான், அப்ப இவன் எல்லாரையும் அடிப்பான். 1974ல ஒலகமே இந்தக் கணக்கத்தான் போட்டுச்சு. ஜோ பிரேசியர் 1971ல முகமது அலிய ஜெயிச்சவன். கென் நோர்ட்டன் 1973ல அலி தாடைய ஒடச்சவன். அந்த ரெண்டு பேரையும் ஜோர்ஜ் போர்மன் ஆளுக்கு ரெண்டே ரவுண்டுல சுருட்டி மூலையில வச்சுட்டான். போர்மனுக்கு வயசு 25, அலிக்கு 32. அலி உசுரோட எறங்குவாரான்னே பத்திரிக்கக்காரன் பயந்தான். அக்டோபர் 30ந் தேதி, ஆப்பிரிக்காவுல கின்ஷாசா, விடியக்காலம் நாலு மணி. நம்ம ஆளு என்னா செஞ்சாரு? கயித்துல சாஞ்சுக்கிட்டு, மொகத்த மறச்சுக்கிட்டு, அடிக்கிறவன அடிக்க விட்டாரு. அடி வாங்குனவருக்கு வலி, அடிச்சவனுக்குக் களப்பு. எட்டாவது ரவுண்டுல போர்மன் தரையில கெடந்தான்.

ஓ, எட்டாவதுன்னு நீ எழுதுனது அதப் பாத்துத்தானா? இப்ப வெளங்குது.

அந்த அலியும் பெரிய ஜோசியக்காரருதான். கிளேன்னு பேரு இருந்த காலத்துல எவன் எத்தனையில விழுவான்னு பாட்டாவே கட்டுவாரு. 1962ல ஆர்ச்சி மூர் நாலுல விழுவான்னாரு, நாலுல விழுந்தான். அடுத்த வருசம் மார்ச்சுல நியூயார்க்குல டக் ஜோன்ஸ். மொதல்ல ஆறுன்னாரு. அப்புறம் என்னா தோணுச்சோ, நாலுன்னாரு. ஆள் பத்து ரவுண்டும் நின்னு கடைசி மணியும் கேட்டுட்டுத்தான் எறங்குனான். அலி பாயிண்டுல தப்பிச்சாரு. குத்துற கை தன்னோடது. அது எப்ப வேல செய்யும்னு அவருக்கே சரியாத் தெரியல. நீ போன்ல ரெண்டு நிமிச வீடியோவப் பாத்துட்டு அடிக்கோடு போடுற.

சரி, வந்த புள்ளைய வெறுங்கையோட அனுப்பக்கூடாது. கேட்டுக்க. சண்ட போடுறவன் மூஞ்சிய எல்லாருந்தான் பாக்குறான். நீ அவன் மூலையப் பாரு. வாளி தூக்குறவனப் பாரு.

1990 பெப்ரவரி 11, டோக்கியோ. மைக் டைசன் 37 சண்ட, 37 ஜெயம், அதுல 33 நாக்கவுட். எதுத்தாப்புல பஸ்டர் டக்ளஸ். சூதாட்டத்துக்குப் பேருபோன லாஸ் வேகஸ்லயே இந்தச் சண்டைக்குப் பந்தயம் எழுத எவனும் முன்னுக்கு வரல. மிராஜ்ங்கிற ஒரே ஒரு எடந்தான் எழுதுச்சு, 42க்கு 1. டக்ளசோட ஆத்தா செத்து ஒரு மாசம்கூட ஆகல. பய அழுதுகிட்டு விழுந்துருவான்னு நெனச்சானுக. அவன் விழல. நீட்டுக் கைய நீட்டி நீட்டி டைசன் கண்ணையே குத்துனான். கண்ணு வீங்குனா ஒத்தி அமுக்குறதுக்கு ஐஸ்ல போட்டு வச்ச ஒரு சின்ன இரும்புத்துண்டு இருக்கும், எந்த மூலையிலயும் இருக்கும். டைசன் மூலையில அத எடுத்துட்டு வரல. எதுக்கு எடுத்துட்டு வரணும், டைசன் கண்ணு எப்ப வீங்கிச்சு? கடைசியில ஒரு ரப்பர் கையொறையில ஐஸ் தண்ணிய ஊத்தி முடிச்சுப் போட்டு, அத அவன் கண்ணுல புடிச்சுக்கிட்டு நின்னானுக. எட்டாவதுல டக்ளச ஒரு தடவ கீழ தள்ளுனான் டைசன், எந்திரிச்சுட்டான். பத்தாவதுல டைசன் விழுந்தான். மொழங்கால்ல தவழ்ந்துகிட்டு, பல்லுக்கவசத்தத் தேடி எடுத்து வாயில கோணலா வச்சுக்கிட்டு எந்திரிக்கப் பாத்தான். முடியல.

ஒலகத்துல எந்தப் பண்டிதரும் "இரும்புத்துண்டு இருக்கான்னு பாருங்க"ன்னு முன்னக்கூட்டிச் சொல்லல. மறுநாளு எல்லாருஞ் சொன்னானுக.

அதுக்கப்புறம் தராசு. கொழுந்து நிறுக்குற தராசக் கேட்டா உங்க ஆத்தா கத கதயாச் சொல்லுவா, தண்ணிக்குக் கழிச்சது, கூடைக்குக் கழிச்சதுன்னு. பாக்ஸிங் தராசுல கழிவு கெடையாது. சண்டைக்கு மொத நாளு ஏத்தி நிறுத்திருவானுக. டோக்கியோவுல டக்ளஸ் 231 பவுண்டு சொச்சம். அதே வருசம் அக்டோபர்ல ஹோலிபீல்டுகிட்ட பெல்ட்டக் கொண்டு வந்தான் பாரு, 246. எடையப் பாத்தப்பவே கத முடிஞ்சுச்சு. மூணாவது ரவுண்டுல படுத்துட்டான். ஆண்டி ரூயிஸ் கத தெரியுமா? 2019 ஜூன் மாசம், இன்னொருத்தன் மருந்துச் சோதனையில மாட்டுனதால கடைசி நேரத்துல ஏத்துன ஆளு. தொப்பையப் பாத்துட்டுச் சிரிச்சானுக. சிலையாட்டம் இருந்த அந்தனி ஜோஷுவாவ ஏழாவதுல முடிச்சு வச்சான். அப்ப எட 268. ஆறு மாசம் கழிச்சு சவூதியில திருப்பி மோதுறப்ப 283. பெல்ட்டு கெடச்சதுலயிருந்து விருந்துதான் போல. ஜோஷுவா தள்ளி நின்னே பாயிண்டுல வாங்கிட்டுப் போயிட்டான். அதனால செவ்வாக்கெழம வாயத் தொறக்காத. தராசு பேசுன பொறகு பேசு.

மூச்சுன்னு சொன்னேன்ல, அதுக்கும் ஒரு கத இருக்கு. லெனக்ஸ் லூயிஸ் 2001 ஏப்ரல்ல தென்னாப்பிரிக்காவுல பிரேக்பான்ல ஹசிம் ரஹ்மானோட மோதுனான். ஜோகனஸ்பர்க் பக்கம், 5000 அடிக்கு மேல. ரஹ்மான் வாரக்கணக்குல முன்னாடியே போயி அந்தக் காத்தக் குடிச்சுப் பழகிட்டான். லூயிஸ் ஓஷன்ஸ் லெவன்னு ஒரு படத்துல தல காட்டிட்டு ஆற அமரப் போயி எறங்குனான். அஞ்சாவது ரவுண்டுல மல்லாக்க. கொழும்புலயிருந்து வான் புடிச்சு வாற பயலுகளப் பாத்திருக்கல்ல? ரோட்டுல எறங்குறப்ப பாட்டும் கூத்தும். டவர் ஏத்தத்துல பாதி போனதும் செல்பி எடுக்குற சாக்குல நிப்பானுக. லூயிசுக்கு செல்பி எடுக்கவும் வழியில்ல. அதே வருசம் நவம்பர்ல லாஸ் வேகஸ்ல ரஹ்மானை நாலாவதுல சாச்சுட்டான், அது வேற விசயம். அங்க மேடு இல்ல.

"தோக்காத ஆளு தாத்தா"ன்னு நீ இழுக்குறது கேக்குது. தோக்காதவன்னா யாரோட மோதுனான்னு கேளு. எதுத்தாப்புல அந்த மல தெரியுது பாரு, அத மடக்குன கை முட்டின்னு பேரு வச்சிட்டுப் போனான் வெள்ளக்காரன். அந்த முட்டி ஒருத்தனையும் குத்துனதில்ல, அதுவுந்தான் இன்னும் தோக்கல. இந்தியாவுக்கு ஒலிம்பிக் மெடல் வாங்கித் தந்த விஜேந்தர் சிங் சல்லிக்குச் சண்ட போட எறங்கி 12 தடவ வரிசையா ஜெயிச்சாரு. 2021 மார்ச்சுல கோவாவுல ஒரு கேசினோக் கப்பல் மேல, ஆர்டிஷ் லோப்சான்னு ஒரு ஒசந்த ரஷ்யாக்காரப் பய அஞ்சாவதுல நிறுத்திப்புட்டான். ஒருத்தன வளக்கணும்னா மொதல்ல விழுறவனாப் பாத்து முன்னுக்கு நிறுத்துவானுக. அது யாவாரம். கொற சொல்லல.

அடிச்சு விழுத்தாட்டி ஜட்ஜு இருக்காரே, அங்கதான் உன் கடுதாசிக்குச் சங்கு. 2017 செப்டம்பர்ல கனேலோவும் கோலோவ்கினும் 12 ரவுண்டு மோதுனானுக. மூணு ஜட்ஜு, மேடையச் சுத்தி மூணு பக்கம், ஒரே சண்ட. ஒருத்தரு கோலோவ்கின்னாரு, 115க்கு 113. ஒருத்தரு ரெண்டு பேருஞ் சமம்னாரு. ஒரு அம்மா கனேலோவுக்கு 118, கோலோவ்கினுக்கு 110ன்னு எழுதிக் குடுத்தாங்க. ஆளுக்கு ஒரு ஜட்ஜு, ஒருத்தரு சமம், அதனால டிரா. நீ யாரு ஜெயிப்பான்னு சொன்னா பத்தாது ராசா, அந்தம்மா கண்ணுல யாரு ஜெயிப்பான்னும் சொல்லணும்.

கைய ஒசத்தி மெடல மாட்டுன பொறகாவது நிம்மதியான்னா, அதுவும் இல்ல. நம்ம நாட்டுக் கதையே இருக்கு. 1938ல சிட்னியில பார்னி ஹென்ரிகஸ் இலங்கைக்குத் தங்கம் வாங்குனாரு, எம்பயர் கேம்ஸ்ல. அதுக்கப்புறம் அந்தக் கேம்ஸ்ல நமக்கு 72 வருசம் பாக்ஸிங்குல தங்கமே இல்ல. 2010ல டில்லியில மஞ்சு வன்னியாரச்சி வாங்குனான். நாடே கூத்தாடுச்சு. அப்புறம் மருந்துச் சோதனை வந்து, மெடலத் திருப்பி வாங்கி, அவன்கிட்ட தோத்த வேல்ஸ் நாட்டுப் பய ஷான் மெக்கோல்ட்ரிக்குக்குக் குடுத்துட்டானுக. டில்லி சண்டைக்கு வேல்ஸ் பயதான்னு எவனாச்சும் குறி சொல்லியிருந்தா, சண்ட முடிஞ்ச பொறகு அவன் ஜோசியம் பலிச்சிருக்கும். மாசக்கணக்கா அவனக் கேலி பண்ணுனவன் எல்லாம் என்னா செய்வான்?

சார்பட்டா பரம்பரை படம் வந்ததுலயிருந்து லயத்துக்கு ரெண்டு கபிலன் நிக்கிறானுக. அது நல்லதுதான், கயிறு தாண்டுறானுக, காலையில எந்திரிக்கிறானுக. ஆடுறவனுக்கு ஒடம்பாவது தேறுது. உன்னாட்டம் பாத்துச் சொல்றவனுக்கு என்னா தேறுது? 2024 நவம்பர்ல டைசனும் ஜேக் பாலும் மோதுனாங்கள்ல, பார்லிமெண்டு எலெக்சன் நடந்த அதே வாரம். எலெக்சனுக்குச் சொன்ன ஜோசியம் எல்லாம் எண்ணி முடிக்கங்காட்டியும் கப்பலேறிருச்சு, உடனே எல்லாரும் டைசனுக்குத் தாவுனானுக. டைசனுக்கு வயசு 58, அந்தப் பயலுக்கு 27. "டைசன் டைசன்தான் தாத்தா, ஒரே குத்து"ன்னு நீதான் இதே பலகையில குந்திக்கிட்டு சொன்ன. நமக்கு அன்னிக்குச் சனிக்கெழம காலையில. தலைக்கு மேல டவர் நிக்குது, உன் போன்ல வட்டந்தான் சுத்துச்சு. சுத்தி முடிச்சப்ப எட்டு ரவுண்டும் முடிஞ்சு பயதான் ஜெயிச்சிருந்தான். வயசு ஆன ஆளுக்கு மூட்டு என்னா செய்யும்னு என்கிட்ட கேட்டிருந்தா, ஏத்தம் ஏறிக் காட்டியிருப்பேனே.

புக்கிக்காரன் எங்கயாச்சும் குறி சொல்லிப் பாத்திருக்கியா? ரெண்டு பக்கமுஞ் சல்லி வாங்குறான், ஓட்டை விழாம நடுவுல வெலயப் போடுறான், கதவச் சாத்திட்டு வீட்டுக்குப் போறான். பெரிய பேருள்ளவன் மேல ஆயிரம் கட்டுனா, அவன் ஜெயிச்சாலும் உனக்கு பஸ் காசுதான் தேறும். சின்னவன் மேல கட்டுனா 42க்கு 1ன்னு ஆசை காட்டுவான். அந்த 42ஐப் பாத்தவன் ஒலகத்துல எத்தன பேருன்னு எண்ணு, கட்டித் தோத்தவன் எத்தன பேருன்னும் எண்ணு. எண்ணத் தெரியாட்டி கணக்கப்புள்ளகிட்ட கேளு, அவருக்குக் கழிக்கத் தெரியும்.

நான் யாரு பக்கம்னா கேக்குற? காதக் கொண்டா. உன் ஆளுதான், சந்தேகமே இல்ல. சத்தமாச் சொல்லாத. கடக்காரரு மகன் காலையில வந்து இதையேதான் கேட்டான். அவனுக்கு அவன் ஆளுதான்னு சொல்லி அனுப்பியிருக்கேன். ஞாயித்துக்கெழம மத்தியானம் உங்க ரெண்டு பேருல எவன் சிரிச்ச மூஞ்சியோட வாறானோ, அவன்கிட்ட ஒரு சாயத்தண்ணியும் ரெண்டு வடையும் வாங்கிக்கிறேன். மத்தவன்கிட்ட ஜட்ஜு சரியில்லன்னு ஒரு மூச்சு அழுதுக்கலாம். எனக்கு ஒரே பயம் அந்த டிராதான். அன்னிக்கு என் சாயத்தண்ணிக்கு நானேல்ல சல்லி குடுக்கணும்.