சான்றிதழுக்குச் சாம்பிராணி

அண்ணாச்சியின் அப்பளக் கடையில் கல்லாவுக்கு மேலே லட்சுமி படம். பக்கத்தில், கண்ணாடிச் சட்டத்துக்குள் டிரேட்மார்க் சான்றிதழ். வெள்ளிக்கிழமை தவறாமல் இரண்டுக்கும் சந்தனம், குங்குமம், சாம்பிராணி. சந்தனப் பொட்டு சரியாகத் தேதியின் மேலேயே விழுந்துகொண்டிருந்தது.

பதிவு பத்து வருஷத்துக்குத்தான். அதுவும் சான்றிதழ் கைக்கு வந்த நாளிலிருந்து அல்ல, விண்ணப்பித்த நாளிலிருந்து. முடிய ஒரு வருஷம் இருக்கும்போதே புதுப்பிக்கலாம். இணையவழியில் ஒரு வகுப்புக்கு 9,000 ரூபாய். தேதி தாண்டினாலும் சட்டம் ஆறு மாதம் பொறுக்கும், சும்மா இல்லை, மேலே 4,500 வாங்கிக்கொண்டு. அதையும் கோட்டைவிட்டவர் காலாவதியாகி ஒரு வருஷத்துக்குள் மீட்பு விண்ணப்பம் போட வேண்டும். புதுப்பிப்புக் கட்டணத்தோடு இன்னொரு 9,000. மறதிக்கு இவ்வளவு பக்குவமாக விலைப்பட்டியல் போட்டவர்களை மெச்சத்தான் வேண்டும்.

“பதிவாளர் முன்கூட்டியே அறிவிப்பு அனுப்புவாரே?” என்றேன்.

“வந்திருக்கும் தம்பி, பழைய கடை விலாசத்துக்கு. அங்க இப்ப செல்போன் கடை.”

சொல்லிக்கொண்டே பாக்கெட்டுகளில் முத்திரை குத்திக்கொண்டிருந்தார். என்ன முத்திரை? காலாவதித் தேதி. அப்பளம் ஒன்றுக்கும் அவர் அதை மறந்ததில்லை.

ஒரு வருஷமும் கடந்துவிட்டால் மீட்பு கிடையாது. புது விண்ணப்பம் போட்டு வரிசையின் வாலில் நிற்க வேண்டியதுதான். அண்ணாச்சிக்கு இன்னும் பதினொரு நாள் இருக்கிறது.