மொட்டை மாடியில் மௌனக் கட்சி

யோகா செய்யும்போது பாட்டு ஓட வேண்டுமா, சத்தமே கூடாதா என்று கேட்டால், நான் பாட்டுக் கட்சி. என் மனைவி மௌனக் கட்சி. எங்கள் வீட்டில் எந்தக் கட்சி ஆட்சியில் இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

திருமுல்லைவாயலில் மொட்டை மாடியில் உட்கார்ந்துகொண்டு மௌனம் கேட்பதே பேராசை. அரக்கோணம் லோக்கல் போகும், அண்ணனூர் ஷெட்டுக்குக் காலி ரயில் திரும்பும், சி.டி.எச். ரோட்டில் லாரிக்காரர் ஹாரனிலிருந்து கையை எடுக்க மாட்டார், குப்பை வண்டி பாடிக்கொண்டே வரும். "வெளியில என்ன சத்தம் வேணா இருக்கட்டுங்க. நம்மகிட்டேர்ந்து சத்தம் வரக் கூடாது" என்பாள் மனைவி. சிக்கலே அங்கேதான். சத்தம் என்னிடமிருந்துதான் வருகிறது.

வஜ்ராசனத்துக்கு மடங்கும்போது என் முட்டி 'மளுக்' என்கிறது. எழுந்தால் 'மடக்'. கூடவே என்னை அறியாமல் ஒரு 'அம்மாடி'. பின்னணியில் ஒரு புல்லாங்குழல் ஓடினால் இதெல்லாம் தாளத்தோடு தாளமாகக் கரைந்துவிடும். மனதை ஒருமுகப்படுத்த இசை வேண்டும் என்று நான் வாதாடுவதெல்லாம் வெளிப்பேச்சு.

மாடிக்கு வந்து சொல்லிக்கொடுக்கும் மாஸ்டரும் மௌனக் கட்சி. ஆவடி டேங்க் ஃபேக்டரியில் காலமெல்லாம் இரும்புச் சத்தம் கேட்டு ஓய்வு பெற்றவர்; அவர் ஆசையில் நியாயம் இருக்கிறது. அக்கம்பக்கத்துக்காரர்கள் எல்லாம் மூச்சுகூடக் கேட்காமல் படுத்திருந்த ஒரு காலையில், முழங்காலை வயிற்றோடு சேர்த்து அழுத்தச் சொன்னார். பவனமுக்தாசனம். வாயுவை விடுவிப்பது என்று பெயரிலேயே எச்சரிக்கை இருந்தும் நான் மனதார அழுத்தினேன். முந்தின நாள் ராத்திரி மொச்சைக் குழம்பு. "ரொம்ப நல்லது சார், ஆசனம் சரியா வந்திருக்கு" என்று எல்லோர் காதிலும் விழும்படி மாஸ்டர் பாராட்டினார். யோகாவில் எனக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான். அன்று மாலையே மகள் இளையராஜாவின் 1988ஆம் வருஷத்து ஆல்பம் ஒன்றை என் போனில் ஏற்றிக் கொடுத்தாள். ஹரிபிரசாத் சௌராசியா புல்லாங்குழல் வாசித்தது. பெயர், 'நத்திங் பட் விண்ட்'.

ஆட்சியைக் கவிழ்க்க ஆதாரம் தேடினேன். பதஞ்சலியைப் புரட்டினால், மனிதர் ஆசனத்துக்கு ஒதுக்கியதே மூன்று சூத்திரம். ஸ்பீக்கர் பற்றிப் பேச்சே இல்லை. சென்னையில் வாழ்ந்து மறைந்த கிருஷ்ணமாச்சாரியாரின் சீடரும் மைத்துனருமான பி.கே.எஸ். ஐயங்கார்தான் கைகொடுத்தார். அவரிடம் யோகா கற்றவர் வயலின் மேதை யெஹூதி மெனுஹின். 1982இல் பெர்லின் ஃபில்ஹார்மோனிக்கின் நூற்றாண்டில், சிரசாசனத்தில் நின்றபடி பீத்தோவனின் ஐந்தாவது சிம்பொனியைக் காலாலேயே நடத்திக் காட்டினாராம்! வெற்றிக் களிப்போடு இதைச் சொன்னேன்.

"அவர் தலைகீழா நின்னா பெர்லினே கை தட்டும். நீங்க நின்னா சுவத்துச் சுண்ணாம்பு கொட்டும்."

அத்தோடு விட்டாளா? 1952இல் பம்பாயில் நடந்த முதல் சந்திப்புக்கு மெனுஹின் ஒதுக்கியிருந்தது ஐந்தே நிமிஷம். ஐயங்கார் படுக்கவைத்துக் கண்ணையும் காதையும் விரலால் மூடியதும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் தூங்கிவிட்டார் என்பதையும் அவளே கண்டுபிடித்துப் படித்துக் காட்டினாள். என் ஆள் கட்சி மாறிவிட்டார்.

ஆனால் காதை மூடும் யோசனை எனக்குப் பிடித்துப்போயிற்று. ஹடயோகப் பிரதீபிகையின் நான்காம் அத்தியாயம் பாருங்கள்: காதை அடைத்து உட்கார்ந்தால் உள்ளேயே நாதம் கேட்குமாம். முதலில் கடல், மேக முழக்கம், பேரிகை. பிறகு சங்கு, மணி. கடைசியில் புல்லாங்குழல், வீணை, வண்டு. ஸ்பீக்கரே தேவையில்லாத கச்சேரி! கட்டைவிரலால் காதை அடைத்தேன். சற்று நேரத்தில், சத்தியமாகச் சொல்கிறேன், சளசளவென்று நீரோசை கேட்டது. முனிவர்களுக்கே வருஷக்கணக்கில் ஆகுமே, நமக்கு அதற்குள் கடல் வந்துவிட்டதே என்று புல்லரித்துப்போய், பேரிகைக்காகக் காத்திருந்தேன். பேரிகை கீழ்த் தளத்திலிருந்து வந்தது: "மோட்டாரை அணைக்காம அங்க என்னங்க பண்றீங்க? டேங்க் வழிஞ்சு தெருவெல்லாம் தண்ணி!"

ஆடி மாதத்தில் இந்த அரசியலுக்கே வேலையில்லை. தெருமுனை அம்மன் கோயிலின் குழாய் ஸ்பீக்கரில் எல்.ஆர். ஈஸ்வரி விடியுமுன்பே ஆரம்பித்துவிடுவார். மாஸ்டரே அந்தத் தாளத்துக்குத்தான் சூரிய நமஸ்காரம் எண்ணினார். முட்டியை யார் கேட்டார்கள்? எனக்கு அது பொற்காலம்.

கூழ் ஊற்றி முடித்து ஸ்பீக்கரை இறக்கிய மறுநாள், அதிசயமாக ரயிலும் இல்லை, குப்பை வண்டியும் இல்லை. நான் கபாலபாதிக்கு உட்கார்ந்து, வயிற்றை உள்ளே இழுத்து 'புஸ்... புஸ்...' என்று மூச்சைத் தள்ளினேன். முட்டியும் சும்மா இருந்தது, மொச்சையும் கிடையாது. மனைவிகூட "பரவாயில்லையே" என்று தலையாட்டினாள். அப்போதுதான் பக்கத்து வீட்டம்மா கையில் கரண்டியோடு மாடிச் சுவரில் எட்டிப் பார்த்தார்.

"சார், நாளையிலேர்ந்து ஏதாவது பாட்டு போட்டுக்கிட்டுப் பண்ணுங்க. நீங்க விட்டதைக் குக்கர் விசில்னு எண்ணி அடுப்பை அணைச்சிட்டேன். பருப்பு வேகவே இல்ல."