எட்சி பெரியோர்களுக்கு நெல்லையிலிருந்து ஒரு மனு

பெறுநர்: லினக்ஸ் கோப்பு அடுக்குமுறைத் தரத்தை வகுத்த பெரியோர்கள்.
பொருள்: அப்பாச்சி சர்வரின் அமைவுக் கோப்பு எங்கே இருக்கிறதெனத் தெரிவிக்கக் கோருதல்.

அண்ணாச்சிமாரே,

இந்த மனுவைத் திங்கட்கிழமை குறைதீர் நாளில் கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்திலேயே கொடுத்திருப்பேன். எங்கள் வருவாய்க் கிராமப் பட்டியலில் 'எட்சி' என்ற ஊர் இல்லாததால் உங்களுக்கே எழுதுகிறேன்.

1994-ல் தொடங்கி 2015-ல் மூன்றாம் பதிப்பு கண்ட உங்கள் தரம், ஒரு கணினிக்கே உரிய அமைவுக் கோப்புகள் '/எட்சி' அடைவில் இருக்க வேண்டும் என்கிறது. ரொம்ப நன்றி. அதற்குள்ளே எந்த இடம், என்ன பெயர் என்பதை அவரவர் மனசாட்சிக்கு விட்டுவிட்டீர்கள். லினக்ஸ் வழங்கல்களில் டெபியனும் உபுண்டுவும் '/எட்சி/அப்பாச்சி2/அப்பாச்சி2.கான்ஃப்' என்றன. ரெட் ஹேட் குடும்பம் '/எட்சி/எச்டிடிபிடி/கான்ஃப்/எச்டிடிபிடி.கான்ஃப்' என்றது. சூசே மட்டும் இரு வீட்டார் மனமும் கோணாமல், அடைவுக்கு அவர் பெயரும் கோப்புக்கு இவர் பெயருமாக '/எட்சி/அப்பாச்சி2/எச்டிடிபிடி.கான்ஃப்' என்று வைத்தது. மூல நிரலிலிருந்து தாமே தொகுத்துக்கொண்டவர்களோ, எட்சிப் பக்கம் தலைவைத்தும் படுக்காமல் '/யுஎஸ்ஆர்/லோக்கல்/அப்பாச்சி2'-வில் குடியேறிவிட்டார்கள்.

இது ஏட்டுச் சிக்கல் இல்லை. எங்கள் தமிழக அரசின் எல்காட் நிறுவனம் 2000-களின் பிற்பாதியில் சூசே பக்கம் போனது. பிறகு மாணவர் மடிக்கணினிகளில் சென்னை சி-டாக்கின் பாஸ் லினக்ஸ் வந்தது. அது டெபியன் வழி. ஒரே அரசு, ஒரே அப்பாச்சி, முகவரி மட்டும் இரண்டு.

டெபியன் வீட்டில் இன்னொரு ஏற்பாடும் உண்டு. 'சைட்ஸ்-அவைலபிள்' ஓர் அடைவு, 'சைட்ஸ்-எனேபிள்டு' இன்னொன்று. முன்னதில் மட்டும் எழுதிவைத்தால் தளம் ஓடாது. பின்னதில் அதற்கொரு இணைப்பு விழுந்து, சர்வரும் மறுபடி படிக்க வேண்டும். அறிவிப்பு வேறு, அமல் வேறு என்று இத்தனை நேர்மையாக ஒப்புக்கொண்ட நிர்வாகத்தை நான் கண்டதில்லை.

கோப்பைத் தேடும் கதைக்கு வருகிறேன். எங்கள் தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள். பழவூரில் பாளையங்கால்வாய் பிரியும், சுத்தமல்லியில் நெல்லைக் கால்வாய். ஒரு வயலுக்கு எந்தக் கால்வாய்த் தண்ணீர் என்றறிய யாரும் பொதிகையில் தொடங்கிப் புன்னைக்காயல் வரை நடப்பதில்லை, நீர்ப்பாய்ச்சியைக் கேட்பார்கள். உங்கள் ராஜ்ஜியத்தில்தான் 'ஃபைண்ட்' கட்டளையை '/' என்ற மூலஸ்தானத்திலிருந்தே ஓடவிட்டு, 'அனுமதி இல்லை' வரிகளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம். சர்வரையே கேட்டிருக்கலாம். 'அப்பாச்சி2சிடிஎல் -வி' (பெரிய வி, ரெட் ஹேட்டில் 'எச்டிடிபிடி -வி') என்றால், வேர் அடைவை ஒரு வரியிலும் கோப்பின் பெயரை வேறொரு வரியிலும் சொல்லும். இரண்டையும் ஒட்டிக்கொள்வது நம் பாடு. இன்னொரு சர்வரான எஞ்சின்எக்ஸ் தங்கமான பிள்ளை: 'எஞ்சின்எக்ஸ் -டி' (சின்ன டி) என்றதும் கோப்பில் பிழை பார்த்து, முழு முகவரியையும் ஒப்பித்துவிடும்.

கோப்பை ஒரே இடத்துக்கு மாற்றச் சொல்லவில்லை. அவ்வளவு பேராசை எங்களுக்குக் கிடையாது. 'முதலில் சர்வரைக் கேள்' என்று அடுத்த பதிப்பில் ஒரு வரி சேர்த்தால் போதும். அந்த வரி எந்தப் பக்கத்தில் இருக்கும் என்பதையும் தயவுசெய்து தெரிவிக்கவும்.

இப்படிக்கு,
ரூட் கடவுச்சொல் மட்டும் கைவசமுள்ள
ஒரு நெல்லைக்காரன்