பூச்சியம் காணல்: சாகச மாதிரி விமானங்களின் வால் நேராவது குறித்து ஓர் ஆய்வு

ஆய்வுப் பொருள்

உலகில் நேராக இல்லாதவை பல. அவற்றுள் ரேடியோவால் இயங்கும் சாகச விமானத்தின் வாலில் அசையும் எலிவேட்டரைப் போல மனித நேரத்தை விழுங்கியது பிறிதொன்று இல்லை என்பதை இவ்வாய்வு நிறுவ முற்படுகிறது. ஒற்றைக் கண்ணை மூடி, மூச்சை அடக்கி, வாலுக்குப் பின்னால் குந்தியிருப்பவர் தியானத்தில் இருப்பதாகக் குடும்பத்தினர் கருதலாம். அவர் அரை மில்லிமீட்டரைத் தேடிக்கொண்டிருக்கிறார்.

ஆய்வு எல்லை

இறக்கையில் உருட்டலுக்கான எய்லரான், வாலில் ஏற்ற இறக்கத்துக்கான எலிவேட்டர், இடவலத் திருப்பலுக்கான ரடர் ஆகிய மூன்று அசையும் பரப்புகள் மட்டுமே இங்கு ஆராயப்படுகின்றன. அதுவும் எஃப்3ஏ எனப்படும் போட்டி வகை விமானங்களில். அதாவது இறக்கை விரிவும் உடல் நீளமும் 2 மீட்டரைத் தாண்டாதவற்றில். நான்கு விசிறி ட்ரோன்கள் விலக்கப்பட்டன. அவற்றுக்கு வால் இல்லை. ஆகவே கவலையும் இல்லை.

முன்னோர் நிலை

ஆதியில் முறுக்கிய ரப்பர் பட்டைதான் ரடரை இயக்கியது. இடம், வலம், நடு என மூன்றே நிலைகள். அடுத்து வந்த, ரீட் எனப்படும் ரேடியோ கருவிகளிலும் சிறு சுவிட்சுகளே இருந்தன: தட்டினால் முழு அசைவு, விட்டால் நடு. 1960இல் சுவிட்சர்லாந்தின் டூபென்டார்ஃபில் நடந்த முதல் உலகச் சாகசப் போட்டியில் அமெரிக்கரான எட் காஸ்மிர்ஸ்கி ‘ஒரையன்’ விமானத்துடன் வென்றது அக்காலத்தில்தான். பிறகு, ஸ்டிக்கை நகர்த்தும் அளவுக்கே பரப்பும் நகரும் கருவிகள் பரவின. அரைப் பாகைக் கவலை பிறந்த காலம் அதுவே எனக் கொள்ளலாம்.

கருதுகோள்

பிழையை அழிக்க இயலாது. இடமாற்றம் செய்யத்தான் இயலும்.

பகுப்பாய்வு

அ) பல்லியல். பரப்பை அசைக்கும் சிறு மோட்டாரான சர்வோவின் தண்டில், ஆர்ம் எனப்படும் நெம்புகோலை மாட்டுவதற்கான பற்கள் உண்டு. தயாரிப்பாளர்களுள் ஃபூட்டாபா மரபில் 25; ஹைடெக் மரபில் 24; ஜேஆர் மரபில் 23. 25 பல் தண்டில் ஆர்மை ஒரு பல் தள்ளி மாட்டினால் 14.4 பாகை நகரும். நமக்கு வேண்டியதோ மூன்று, நான்கு பாகை. ஒற்றைப்படை எண்ணின் அருமை இங்கேதான் தெரிகிறது. சிலுவை வடிவ ஆர்மில் கைக்குக் கை 90 பாகை. 25 பல்லில் அது ஆறேகால் பல். எனவே அடுத்தடுத்த கைகளை மாற்றி மாட்டிப் பார்த்தால் 3.6 பாகை வீதம் நகர்த்தலாம். 24 பல்லுக்கு இந்தக் கொடுப்பினை இல்லை. 90 பாகை சரியாக ஆறு பல் என்பதால் எந்தக் கையை மாட்டினாலும் அதே கோணம்தான். நான்கு கைகளையும் சோதித்து, பொருந்தியதை வைத்துக்கொண்டு, மற்ற மூன்றையும் நறுக்கி எறிந்த பிறகு, வைத்தது எது நறுக்கியது எது என்ற ஐயம் எழுவது களத்தில் பரவலாகக் காணப்படுகிறது.

ஆ) சப்-டிரிம் வாதம். இவ்வளவு பாடு எதற்கு, டிரான்ஸ்மிட்டரில் சப்-டிரிம் என்னும் நடுநிலைத் திருத்தம் வைத்தால் ஆர்ம் தானே நிமிருமே என்பர் ஒரு சாரார். நிமிரும். ஆனால் சர்வோவின் நடு ஒரு பக்கம் ஒதுங்கிவிட்டதால் மேலே ஓர் அளவும் கீழே ஓர் அளவுமாக ஓட்டம் மாறும். அதைச் சரிசெய்ய எண்ட்பாயிண்ட் என்னும் எல்லைத் திருத்தம். அது கெடுத்ததைச் சரிசெய்ய மிக்ஸிங் என்னும் கலப்பு. பல்லில் இருந்த பிழை இப்போது மெனுவின் ஐந்தாம் பக்கத்தில் நலமாக இருக்கிறது. கருதுகோள் வலுப்பெறுகிறது.

இ) துளையியல். ஆர்மின் அசைவைப் பரப்புக்குக் கடத்தும் கம்பியே புஷ்ராடு. அதன் நுனிக் கவ்வியான கிளெவிஸ் மாட்டும், பரப்பில் நிற்கும் ஹார்னின் துளை, கீல் கோட்டுக்கு நேராக அமைய வேண்டும். முன்னே பின்னே நகர்ந்தால் நடுவில் எல்லாம் ஒழுங்காகவே தோன்றும். மேலும் கீழும் அசைக்கும்போதுதான் குட்டு உடையும். பிசகை அளப்பது எளிது: கீலிலிருந்து 57 மில்லிமீட்டர் அகலமுள்ள பரப்பில், பின்விளிம்பு 1 மில்லிமீட்டர் பிசகினால் ஏறத்தாழ 1 பாகை பிசகியதாகப் பொருள்.

ஈ) இரட்டையர் சிக்கல். தனித்தனிச் சர்வோ கொண்ட எலிவேட்டரின் இரு பாதிகளும் நடுவில் ஒத்திருந்தால் போதாது. கால் ஸ்டிக், அரை ஸ்டிக், முழு ஸ்டிக் எல்லாவற்றிலும் ஒத்திருக்க வேண்டும். இடது பாதி சற்றே அதிகம் தூக்கினாலும், லூப் போடும்போது விமானம் இடப்பக்கம் உருளும். வட்டமாகத் தொடங்கியது திருகாணியாக முடியும். 15 பாகை விலகலுக்கு ஒரு மதிப்பெண் என்ற கணக்கில் நடுவர்கள் கழிப்பார்கள். தரையிறக்கியதும் விமானி, “காத்து இழுத்துடுச்சு சார்” என்பார். காற்றுத் திசை காட்டும் பை கம்பத்தில் அசையாமல் தொங்கும்.

உ) அளவியல். கண்ணளவினர் இறக்கை நுனியோடு எய்லரானை வைத்துப் பார்த்தே தீர்ப்புச் சொல்வர். கருவியினர் பின்விளிம்பில் டிஜிட்டல் கோணமானியைக் கவ்வவிட்டு 0.1 பாகை வரை படிப்பர். அக்கருவி புவியீர்ப்பை வைத்து அளப்பது. யாராவது விமானத்தின் மூக்கைத் தொட்டுவிட்டால் வாலின் பாகை மாறும். இருசாராருக்கும் இடையிலான பகை, தேநீர் வரும்வரை நீடிக்கும்.

கண்டறிந்தவை

எல்லாம் நேரான பின்னும் விமானம் நேராகப் பறப்பதில்லை. புரொபெல்லர் கிளப்பும் காற்று சுழன்று வந்து வாலின் ஒரு பக்கத்தைத் தள்ளுகிறது. அதை ஈடுகட்ட, மோட்டாரையே இரண்டு மூன்று பாகை வலப்பக்கம் சாய்த்து மாட்டுகிறார்கள். ஆக, அரைப் பாகைக்கு உறக்கம் இழந்தவர், விமானத்தின் தலைமைப் பாகத்தைத் தெரிந்தே கோணலாக வைக்கிறார். பெரியதொரு பிழையை உரிய இடத்தில் குடியமர்த்துவதே நேர்மை என்பது இதனால் பெறப்படும். அவ்விடம் இரும்பாகவோ மரமாகவோ இருப்பது நலம். மெனுவாக இருப்பது ஆகாது. முதலில் ஆர்ம், அடுத்து புஷ்ராடு நீளம், பிறகு ஹார்ன், கடைசியில் மட்டுமே சப்-டிரிம் என்னும் வரிசை இக்காரணம் பற்றியே.

மேலாய்வுக்கான களங்கள்

1. மழைக்காலத்தில் பால்சா மரம் ஈரம் குடித்து, இம்முடிவுகள் அனைத்தையும் தள்ளுபடி செய்வது எங்ஙனம்?

2. 1500 மைக்ரோ நொடி நீளச் சிக்னலை நடுவாகக் கொண்ட கருவியிலிருந்து 1520ஐ நடுவாகக் கொண்டதற்கு மாறியவர், ஆர்ம் ஏறத்தாழ 2 பாகை திரும்பியதற்கு யாரைக் குறை கூறுவார்?

3. மேற்கண்ட அளவுகள் யாவும் எடுக்கப்பட்ட மேசையின் ஒரு கால் குட்டை. அதன்கீழ் மடித்து வைக்கப்பட்டுள்ள அட்டையின் கனம், தனி ஆய்வேட்டுக்கு உரியது.