பேய்க்குப் பெயரிடலும் உடை தேர்தலும்: ஓசூர் எல்லையை முன்வைத்து ஓர் ஆய்வு

கல்லூரி மாணவர்கள் எடுக்கும் பேய்ப்பட டிரெய்லருக்குக் கதை தேவையில்லை என்பது இத்துறையில் எப்போதோ முடிந்துபோன விவாதம். தலைப்பு ஒன்று, சேலை ஒன்று இருந்தால் போதும். மிச்சத்தைப் பின்னணி இசை பார்த்துக்கொள்ளும். இந்த இரண்டையும் ஓசூர், கிருஷ்ணகிரி வட்டாரத்தில் தேடும்போது நேரும் இடர்ப்பாடுகளை ஆராய்வதே நம் நோக்கம். ஆய்வு எல்லை ஒருபுறம் அத்திப்பள்ளி டோல்கேட், மறுபுறம் கிருஷ்ணகிரி அணை. எல்லை தாண்டிய பேய்கள் தேவை கருதிச் சேர்த்துக்கொள்ளப்பட்டுள்ளன.

முதலில் தலைப்பு. ஆரம்பத்தில் தமிழ்ப் பேய்ப்படங்கள் கேள்வி கேட்டன: ‘யார் நீ?’ (1966). பிறகு விலாசம் சொல்லின: ‘13-ம் நம்பர் வீடு’ (1990). பிறகு ‘சந்திரமுகி’ (2005), ‘காஞ்சனா’ (2011) என்று பெண் பெயர் வைத்துக்கொண்டன. தமிழில் பெயர் வைத்த படங்களுக்கு அரசு 2006-ல் கேளிக்கை வரிவிலக்கு கொடுத்தபோது, ‘ஜில்லுனு ஒரு காதல்’கூட ‘சில்லுனு’ ஆனது. வரி என்றால் காதலே பயப்படும்போது பேய் எம்மாத்திரம்? இதற்கிடையில் ‘பீட்சா’ (2012) வந்து, தின்பண்டத்தின் பெயரை வைத்தும் பயமுறுத்தலாம் என்று நிறுவியது. ‘டிமான்டி காலனி’ (2015) சென்னை ஆழ்வார்பேட்டையில் இருக்கிற குடியிருப்பின் பெயரையே எடுத்துக்கொண்டது.

கடைசி இரண்டு வழிகளையும் நம் வட்டாரத்துக்குப் பொருத்திப் பார்த்தோம். இடப்பெயர் வழி உடனே தோற்றது. ‘சிப்காட் ஃபேஸ் டூ’ என்று போஸ்டர் ஒட்டினால், ஆள் எடுக்கிறார்கள் என்று நினைத்துப் பயோடேட்டாவோடு வந்து நிற்பார்கள். தின்பண்ட வழி வளமானது. கிருஷ்ணகிரியின் பெருமை மாங்கூழ். ஆலைகளிலிருந்து கப்பலேறிப் போகிறது. ‘கூழ்’ என்ற தலைப்புக்கு இலக்கிய ஆதாரமும் உண்டு. செயங்கொண்டாரின் கலிங்கத்துப்பரணியில் போர்க்களத்துப் பேய்கள் யானைத் தந்தத்தால் பல் துலக்கி, விலா எலும்பால் நாக்கு வழித்து, முறையாகக் குளித்துவிட்டுத்தான் கூழ் காய்ச்சுகின்றன. ஹாஸ்டல் மாணவர்களிடம் காணக் கிடைக்காத ஒழுங்கு இது. ஆனால் ‘கூழ்’ என்றதும் ராகி விளையும் இந்த மண்ணில் யாருக்கும் பயம் வராது, பசிதான் வரும்.

மொழிச் சிக்கல் இதைவிடப் பெரிது. இங்கே ஒரு விதியை முன்வைக்கிறோம்: பேய் எப்போதும் அடுத்த மாநிலத்து மொழிதான் பேசும். மலையாள ‘மணிச்சித்திரத்தாழ்’ (1993) படத்தின் பேய் தமிழ் பேசியது. அதே கதை கன்னடத்தில் ‘ஆப்தமித்ரா’ (2004), தமிழில் ‘சந்திரமுகி’ ஆனபோது தெலுங்கில் பாடியது. இந்தியில் ‘பூல் புலையா’ (2007) ஆனதும் வங்காளத்துக்கு மாறிக்கொண்டது. புரியாத மொழிதான் அச்சத்தின் பாதி. இந்த விதி ஓசூரில் செல்லாது. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது நான்கும் ஒரே தெருவில் புழங்கும் ஊர் இது. நள்ளிரவில் பேய் தெலுங்கில் அழுதால் எதிர்வீட்டு அம்மா கதவைத் திறந்து, “எவரு காவாலம்மா?” என்று விசாரிப்பார். 1990-களில் பெங்களூரில் வீட்டுக் கதவுகளில் ‘நாளே பா’ என்று எழுதிவைத்துப் பேயைத் திருப்பி அனுப்பினார்கள். அந்த வழக்கத்திலிருந்துதான் இந்தியில் ‘ஸ்திரீ’ (2018) பிறந்தது. நாளைக்கு வா என்றால் பேசாமல் திரும்பிப் போகிறதென்றால், அது தாலுகா ஆபீஸ் படியேறிப் பழகிய பேயாகத்தான் இருக்க வேண்டும்.

அடுத்தது உடை. கறுப்பு வெள்ளைப் படக் காலத்தில் வெள்ளைச் சேலைக்கு நியாயம் இருந்தது. இருட்டில் அதுதான் தெரியும். ‘காஞ்சனா’ அதைச் சிவப்பாக்கினாலும் மாணவர்கள் மாறவில்லை. பாட்டியின் சேலை இலவசம் என்பதே காரணம். மாறுவேடப் போட்டிக்கு உடை வாடகைக்குக் கொடுக்கும் கடையில் பாரதியார் கிடைப்பார், கட்டபொம்மன் கிடைப்பார், பேய் கிடைக்காது. ராத்திரி ஷூட்டிங்குக்குப் பெண்களை வீட்டில் அனுப்புவதில்லை. ஆகவே சேலைக்குள் இருப்பவன் இரண்டாம் ஆண்டு மெக்கானிக்கல் மாணவன். “மச்சான், மீசையை எடுக்க மாட்டேன்” என்று அவன் அடம்பிடிப்பான். ஜப்பானிய ‘ரிங்கு’ (1998) படத்தில் முகத்தை மூடிய கூந்தல் இந்தச் சிக்கலை முன்கூட்டியே தீர்த்துவைத்திருக்கிறது. ஒரு சவுரி போதும். ரத்தத்துக்குச் சர்க்கரைப் பாகில் கேசரிப் பவுடர் கலப்பார்கள். மூன்றாவது டேக்கில் எறும்பு வந்து, பேய் நிஜமாகவே அலறும். எடுத்ததில் உருப்படியான ஷாட் அது ஒன்றுதான்.

எல்லாம் கூடிவந்தாலும் நேரம் கூடாது. பேய்க்கு உரியது நள்ளிரவு 12 மணி. ஓசூரில் அப்போது மூன்றாம் ஷிப்ட் ஓடிக்கொண்டிருக்கும், கம்பெனி பஸ்கள் போய்வரும், டீக்கடையில் பாய்லர் கொதிக்கும். வெள்ளைச் சேலையில் ஒரு உருவம் ரோட்டோரம் நின்றால், பஸ்ஸைத் தவறவிட்டவர் என்று யாராவது வண்டியை நிறுத்துவார்கள். கழுத்தில் ஐடி கார்டு இல்லை என்பதைக் கண்டபிறகு வேண்டுமானால் கொஞ்சம் பதறுவார்கள்.

ஆக, இவ்வட்டாரத்தில் மனிதனைப் பேயாக்கிக் காட்ட வழியில்லை என்பது ஆய்வு முடிவு. வெள்ளையாக, எல்லை தாண்டி, முன்னறிவிப்பில்லாமல் வருகிற ஒன்று இருக்கிறதா என்று தேடினோம். இருக்கிறது. பெங்களூர்க் கழிவு பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகள் வழியாகத் தென்பெண்ணையில் சேர்கிறது. பெல்லந்தூரில் 2015-ல் நுரை தீப்பிடித்தும் எரிந்தது. அந்த ஆறுதான் ஓசூருக்கு அருகே கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. மழைக்காலத்தில் மதகைத் திறந்தால் நுரை ஆள் உயரத்துக்கு எழும்பித் தரைப்பாலத்தை மூடிவிடும். காற்றில் பிய்ந்து வயலுக்குள் உருண்டு போகும். நாற்றம் தனி. பட்டால் அரிக்கிறது என்கிறார்கள் கரையோர விவசாயிகள்.

எனவே பரிந்துரை இது. தலைப்பு: ‘நுரை’. வரிவிலக்கு இப்போது இல்லாவிட்டாலும் தமிழ்ப் பெயர். உடை: பேய்க்குத் தேவையில்லை, படக்குழுவுக்கு ரப்பர் பூட்ஸும் முகக்கவசமும். மதகு திறக்கும் நாளை விசாரித்துக்கொண்டு போங்கள், பாலத்தின் மேல் மட்டும் நிற்காதீர்கள். பாட்டியின் சேலையைத் துவைத்து மடித்துத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.